சாப்பிட்டு மூன்று மணி நேரம்

"கேட்டாத்தான் கத்துக்குடுப்பேன்," என்றான் எல்வியோ.

"கேக்காட்டி?"

"கேக்காத ஆளை நான் தண்ணியில இறக்கறதில்ல. அஞ்சு வயசுல எங்கப்பா என்னைப் படகுலேர்ந்து தூக்கிக் கடல்ல போட்டாரு. நீந்தக் கத்துக்கிட்டேன், இல்லைங்கல. ஆனா அன்னைக்கே ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். யாரா இருந்தாலும் அவங்க வாயால கேக்கணும்."

"சரி, நான் கேக்கறேன்."

"இப்ப கேட்டு என்ன பிரயோஜனம்? மூணு பீச் பழம் உள்ள போயிருக்கு, நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். மூணு மணி நேரம் ஆகாம தண்ணியில காலை வைக்கக் கூடாது."

"அதுக்குள்ள இருட்டிடுமே."

"கடல் எங்க போயிடப் போவுது? அடுத்த கோடையில கேளு."

இந்தப் பேச்சு நடந்தது ஒரு செப்டம்பர் மாலையில். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மலைமேலிருந்து வந்த நீவெஸுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கடலை அவ்வளவு பக்கத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓடை கடலில் சேரும் இடத்தை ஒட்டிய பொதுக்கரையில், கூழாங்கற்கள் மேல், இருவரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கோடை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எல்வியோ சொன்னது சரிதான், கடல் எங்கேயும் போகவில்லை. கோடைகள்தான் போயின. எண்ணிப் பார்த்தால் முப்பத்து நான்கு.

எல்வியோவின் குடும்பத்துக்கு அந்தப் பொதுக்கரையை ஒட்டியே ஒரு லீடோ, அதாவது காசு கொடுத்து வந்து குளிக்கும் தனிக்கரை, இருந்தது. ஏழு வரிசையில் நீல வெள்ளைக் குடைகள், குடைக்கு இரண்டு சாய்வு நாற்காலிகள், உடை மாற்ற மர அறைகள், பின்னால் சாப்பாட்டுக்கூடம். லீடோவின் உரிமம் மூத்தவள் சில்வானாவின் பேரில். அவள் தம்பி எல்வியோ சிவப்புப் பனியனும் விசிலுமாக உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கடற்காவலன். தம்பி மனைவி நீவெஸ் சமையல்கட்டில்.

அந்தக் கரையில் மாதாவை நம்பாதவர்கள்கூட இருந்தார்கள், மூன்று மணி நேரக் கணக்கை நம்பாதவர்கள் கிடையாது. வயிற்றில் சாப்பாட்டோடு தண்ணீரில் இறங்கினால் குடல் முறுக்கிக் கல்லைப் போல அடியில் போய்விடுவோம் என்பது அங்கே பிறந்த எல்லோருக்கும் தாய்ப்பாலோடு வந்த அறிவு. பிள்ளைகள் கரையில் நின்று அழுதாலும், தாய்மார்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் நாப்பது நிமிஷம்" என்பார்கள். மீறி ஓடுகிற பிள்ளைக்கு எல்வியோவின் விசில் இருக்கிறது.

இந்தக் கணக்குதான் நீவெஸைக் கட்டிப்போட்டது. லீடோவில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தொடங்கி மூன்று வரை ஓடும். பாத்திரம் கழுவி, தரை துடைத்து, சமையல்கட்டு ஆட்கள் தட்டை எடுத்து உட்காரும்போது நான்கு மணி. நான்கோடு மூன்றைக் கூட்டினால் ஏழு. ஏழு மணிக்கு ராத்திரி மீன் அடுப்பேற வேண்டும். காலையில் இறங்கலாமே என்றால், ஐந்து மணிக்கு மீன் ஏலம், ஏழுக்குக் குழம்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை லீடோவுக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. கடலில் இறங்காதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. கடிகாரமே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை அவள் முயன்றாள். இரண்டாவது கோடையில், மழை பெய்து விட்ட ஒரு காலையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, சந்தையில் வாங்கிய பச்சை நீச்சலுடையோடு கரைக்கு வந்தாள். முதல் வரிசைக் குடையின் கீழே நான்கு விருந்தாளிகளோடு காபி குடித்துக்கொண்டிருந்த சில்வானா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மலை ஆடு குளிக்க வந்திருக்கு. டேய் எல்வியோ, கயிறு கட்டி இறக்கு."

விருந்தாளிகள் சிரித்தார்கள். படகுத் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த எல்வியோவும் சிரித்தான். நீவெஸ் நின்ற இடத்திலேயே நின்று, "குளிக்க யாரு வந்தா? எனக்குக் கடல் தண்ணியே பிடிக்காது. மத்தியானத்துக்கு மட்டி எத்தனை கிலோ வேணும்னு கேக்க வந்தேன்," என்றாள். அந்த ஒரு வாக்கியம் அவள் மேல் ஒட்டிக்கொண்டது. நீவெஸுக்குத் தண்ணீர் ஆகாது என்பது ஊரறிந்த விஷயமானது. மகள் மிர்காவுக்கு நான்கு வயதில் எல்வியோ நீந்தக் கற்றுக்கொடுத்தபோது, நீவெஸ் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

ஆனாலும் எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமைச் சந்தையில் ஒரு நீச்சலுடை வாங்கிவிடுவாள். அலமாரியில் கிடந்தே அதன் ரப்பர் இற்றுப்போகும். பச்சை போய், சிவப்பு போய், பூப்போட்டது போய், இப்போது இருந்தது நான்காவது, கருநீலம். நான்கில் ஒன்றுகூட நனைந்ததில்லை.

இந்த வருஷம் எல்வியோவுக்கு அறுபது முடிந்தது. மே மாத மருத்துவப் பரிசோதனையில் இடது காது போதாது என்று எழுதிவிட்டார்கள். இந்தக் கோடையோடு சிவப்புப் பனியனைக் கழற்ற வேண்டும். அதற்கப்புறம் அவன் யாருக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டே. அவன் சிரிக்கும்போது நீவெஸ் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, பெர்கமோ நகரத்திலிருந்து வந்து மூன்றாம் வரிசையில் குடை எடுத்திருந்த பல் டாக்டர் அம்மாள் ஒரு பூந்தொட்டியோடு சமையல்கட்டு ஜன்னலுக்கு வந்தாள். ஐம்பத்து மூன்று வயது. ஒன்பது நாளில் நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன பொறுமைங்க," என்றாள். "தலைக்கு அடியில கையை வச்சுத் தாங்கிக்கிட்டு, 'நீங்க சொன்னாத்தான் விடுவேன்'னாரு. நான் மூணு நாள் சொல்லவே இல்ல. மூணு நாளும் அப்படியே பிடிச்சிட்டு நின்னாருங்க. நீங்க குடுத்து வச்சவங்க."

நீவெஸ் கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பிறகு சிரித்து, பூந்தொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "ராத்திரிக்கு உங்களுக்குப் பொரிச்ச ஆலிவ் கொஞ்சம் கூட வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி உணவில் உப்பு ஏறிவிட்டது. மூன்று மேசைகளிலிருந்து தட்டு திரும்பி வந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. பொறாமை என்று சொன்னால் அது பாதிதான். மீதிப் பாதிக்கு நீவெஸிடம் பெயர் இல்லை. தன் தலைக்கடியில் அந்தக் கை வர வேண்டும், அவ்வளவுதான். அது செப்டம்பருக்குள் வர வேண்டும்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள். வருஷத்திலேயே லீடோ நிரம்பி வழியும் நாள். அன்று காலை பதினொரு மணிக்குள் நீவெஸ் தன் வேலை எல்லாவற்றையும் முடித்தாள். மாவுத் தகடும் கோழி ஈரல் குழம்பும் வெள்ளைச் சாறும் அடுக்கடுக்காக வைத்த வின்சிஸ்கிராசி ஆறு பெரிய தட்டில் சூளையடுப்புக்குத் தயார். தக்காளிச் சாறு தயார். தர்ப்பூசணி பனிக்கட்டித் தொட்டியில். உதவிக்கு இருந்த இரண்டு பெண்களிடமும் எந்தத் தட்டை எப்போது எடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு சின்னத் தட்டு ஒன்றை, தனக்கென்று அப்போதுதான் சுட்டு இறக்கியதை, துணியில் சுற்றினாள். சமையல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாமான் அறையிலிருந்து சாயம் போன பழைய குடை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டாள் உதவிப் பெண்.

"கடற்கரைக்கு," என்றாள் நீவெஸ். கடற்கரையிலேயே முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவள் சொன்ன பதில் அது.

லீடோவின் ஓரக் குடைகளுக்கும் ஓடைக்கும் நடுவில் நாற்பது தப்படி அகலம்தான் பொதுக்கரை. கல் குத்தும். நன்னீர்க் குழாய் கிடையாது. பின்னால் ரயில் மேடு, அதன் அடியில் குனிந்து வரவேண்டிய சுரங்கவழி. அதனால் ஊரே கரையில் புரளும் இந்த நாளிலும் அங்கே பத்துப் பன்னிரண்டு குடைக்கு மேல் இல்லை. தண்ணீர் கல்லை உருட்டுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி.

ஓடைப்பக்கமாக எப்போதும் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரேஸ்தெயும் அவர் மனைவி பல்மீராவும். ஒரேஸ்தெ ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகுக்குப் பின்னால் ரயில் போனால் திரும்பிப் பார்க்காமலே எந்த வண்டி என்று சொல்லுவார். நீவெஸ் குடையோடு வருவதைப் பார்த்ததும் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"வழி தவறி வந்துட்டியா நீவெஸ்? சமையல்கட்டு அந்தப் பக்கம்."

"தெரியும். அங்கேருந்துதான் வரேன்."

"என்ன, பொசுங்கிப் போச்சா?"

"எல்லாம் நல்லா வெந்துக்கிட்டிருக்கு. இங்க குடை நடலாமா, இல்ல உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

பல்மீரா எழுந்து கல்லைத் தள்ளி இடம் செய்தாள். "அவரு கிடக்கறாரு. நீ நடு. இன்னும் கொஞ்சம் ஆழமா குத்து, மத்தியானம் காத்து வரும்."

குடை நின்றது. நீவெஸ் துண்டை விரித்து உட்கார்ந்தாள். கவுனுக்கு அடியில் கருநீல நீச்சலுடை இறுக்கிப் பிடித்தது. ஐம்பது அறுபது தப்படி தள்ளி உயர்ந்த நாற்காலியில் எல்வியோவின் முதுகு தெரிந்தது. அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடலைப் பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கடைசியில்தான் தெரியும்.

பின்னால் ஒரு ரயில் போனது. "அங்கோனா வண்டி," என்றார் ஒரேஸ்தெ. "நாலு நிமிஷம் லேட்."

பன்னிரண்டு மணி அடிக்கும் முன்னால் மிர்கா ஓடிவந்தாள். முப்பது வயது மகள், லீடோவின் காபிக்கடையைப் பார்த்துக்கொள்பவள், கையில் இன்னும் கரண்டி.

"அம்மா, என்னாச்சு? அத்தை அங்க கத்திக்கிட்டு நிக்கறாங்க. நூத்திப் பத்து பேரு சாப்பிட உக்காரப் போறாங்க."

"ஆறு தட்டும் பன்னிரண்டேகாலுக்கு வெளிய வரும். பத்து நிமிஷம் ஆறவிட்டு வெட்டணும். சூட்டோட வெட்டினா சரிஞ்சுடும். உனக்குத் தெரியாததா?"

"அது தெரியும். நீ ஏன் இங்க இருக்கன்னு கேக்கறேன்."

"இன்னைக்கு நான் இங்க இருக்கேன்."

"அப்பாகூட சண்டையா?"

"இல்ல. சண்டைன்னா வீட்டுலயே போட்டிருப்பேன், அதுக்கு எதுக்குக் குடை?"

மிர்கா அம்மாவின் கழுத்தோரம் கவுனுக்கு வெளியே தெரிந்த கருநீலப் பட்டையைப் பார்த்தாள். கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி, நீ இரு. நான் பாத்துக்கறேன். பத்து நிமிஷம் ஆறவிடணும், அவ்வளவுதானே?"

"பத்துக்குக் குறையக் கூடாது."

போகிறபோது மகள் குனிந்து அம்மாவின் தலையில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். அந்த அவசரத்திலும்.

அடுத்து சில்வானாவே வந்தாள். அறுபத்தாறு வயது, வெள்ளை உடை, தங்கச் சங்கிலி, கல்லில் நடக்கச் சிரமப்படுத்தும் குதிகால் செருப்பு. லீடோவையும் பொதுக்கரையையும் பிரிக்கிற கயிற்றைத் தாண்டி அவள் இந்தப் பக்கம் வந்து எத்தனை வருஷம் ஆகிறதோ.

"எழுந்திரு நீவெஸ். ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். கடற்கரைக்கு வர்றதே பாக்கத்தானே."

"உனக்கு என்ன வேணும் சொல்லு. ஒரு நாள் லீவா? திங்கக்கிழமை எடுத்துக்க. திருநாள் அன்னைக்கா உனக்குப் புத்தி கெடணும்?"

"திங்கக்கிழமை வேணாம். எனக்கு இன்னைக்குத்தான் வேணும்."

"லீடோவுல இடம் இல்லாமலா இந்தக் கல்லுல வந்து உக்காந்திருக்க? கேட்டிருந்தா ஏழாவது வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்லியிருப்பேன்."

"முப்பத்து நாலு வருஷமா போடல. இன்னைக்கு நான் கேட்டுப் போடறதா இருந்தா அது உன் நாற்காலி. இந்தக் கல்லு யாரோடதும் இல்ல."

சில்வானாவுக்கு முகம் சிவந்தது. குடையின் கம்பியைப் பிடித்தாள். "குடை என்னோடது. லீடோ சாமான். அதையாவது குடு."

நீவெஸ் எழுந்து நின்றாள். குடையை மடக்கி, கம்பியைக் கல்லிலிருந்து உருவி, மண்ணைத் தட்டி, இரண்டு கையாலும் நாத்தனாரிடம் நீட்டினாள். உச்சி வெயில் நேராக அவள் தலையில் விழுந்தது. மறுபடியும் உட்கார்ந்தாள்.

"கல்லும் வேணுமா?" என்று கேட்டார் ஒரேஸ்தெ, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "அது முனிசிபாலிட்டியோடது, எழுதிக் குடுத்துத்தான் வாங்கணும்."

பல்மீரா தன் குடையைப் பிடுங்கி, மூன்று பேருக்கும் நிழல் விழுகிற மாதிரி நகர்த்தி நட்டாள்.

குடையைக் கையில் வாங்கிக்கொண்ட சில்வானாவுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கயிற்றுப் பக்கம் திரும்பி நடந்தவள் நின்றாள். அவள் கடைசியாகச் சொன்னது வெறும் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் இரண்டு வரிசைக்குக் கேட்டது.

"கடலை ஜன்னல் வழியா பாக்கத் தெரியுமே ஒழிய இறங்கத் தெரியாதவ. இங்க உக்காந்து என்னத்தைப் பண்ணப்போற? சாயங்காலம் எழுந்து வந்து வெங்காயம்தான் உரிக்கப்போற."

நீவெஸ் துணியை அவிழ்த்தாள். வின்சிஸ்கிராசியின் மேல்தோல் பொன்னிறத்தில் மொறுமொறுத்திருந்தது. ஒரேஸ்தெக்கும் பல்மீராவுக்கும் ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். தனக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். தின்று முடித்தாள். பிறகு எல்லோரும் பார்க்க இன்னொரு துண்டையும் வைத்துச் சாப்பிட்டாள். தான் சமைத்ததைச் சூடு போவதற்குள், வெயில் இருக்கும்போது, கடலைப் பார்த்துக்கொண்டே அவள் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவசரமே படவில்லை. மேலே ஒரு பீச் பழம். பல்மீரா நீட்டிய இன்னொன்று. மூன்றாவதை அவளே கேட்டு வாங்கினாள்.

"ரொம்பச் சாப்பிட்டியேம்மா," என்றாள் பல்மீரா. "இனி நாலு மணி வரைக்கும் தண்ணி கிடையாது உனக்கு."

"தெரியும்," என்றாள் நீவெஸ்.

ஒரு மணிக்கு எல்வியோ நாற்காலியிலிருந்து இறங்கி, வெள்ளைக் கொடியை இறக்கிச் சிவப்பை ஏற்றினான். காவலன் சாப்பிடப் போகிறான், கடலில் இறங்குவது அவரவர் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். யாரும் இறங்கப்போவதில்லை. அந்த நேரத்தில் அந்தக் கரை முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருக்கும், அதற்கப்புறம் மூன்று மணி நேரம் கடல் காலியாகக் கிடக்கும். வருஷா வருஷம் நீவெஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த கடல் அந்தக் காலிக் கடல்தான்.

எல்வியோ லீடோவுக்குப் போகவில்லை. நீரோரமாகவே நடந்து பொதுக்கரைக்கு வந்தான். விஷயம் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் முன்னால் நின்று, விசில் கயிற்றை விரலில் சுற்றினான்.

"சாப்பிட்டியா?"

"ரெண்டு துண்டு. மூணு பீச்."

"சில்வானா ஏதோ சொன்னாளாமே. நான் அவகிட்ட பேசறேன்."

"முப்பத்து நாலு வருஷமா பேசறேன்னுதான் சொல்ற. நீ பேசணும்னு நான் இங்க வரல."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"என்னைப் பாத்தா சீக்காளி மாதிரியா இருக்கு?"

"இல்ல." எல்வியோ ஒரேஸ்தெயைப் பார்த்தான். ஒரேஸ்தெ செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். "அப்ப அந்த டாக்டரம்மா விஷயமா? அவங்க கேட்டாங்க நீவெஸ், கத்துக்குடுத்தேன். அவ்வளவுதான்."

"ஆமா," என்றாள் அவள். "கேட்டாங்க."

எழுந்தாள். கவுனின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றி, கவுனை மடித்துத் துண்டின் மேல் வைத்தாள். கருநீல நீச்சலுடையில் ஐம்பத்தேழு வயது உடம்பு. முழங்கைக்குக் கீழே அடுப்பும் எண்ணெயும் பட்டுக் கருத்த கை, அதற்கு மேலே வெயிலே படாத வெள்ளைத் தோள். நான்காவது வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் தோளை ஒடுக்கவில்லை. கல் குத்தக் குத்த நேராக நடந்து தண்ணீரில் காலை வைத்தாள்.

"நீவெஸ்."

கணுக்கால் வரை. குளிர்ந்தது. அடுத்த அலையில் முழங்கால்.

"நீவெஸ், சாப்பிட்டு அரை மணி ஆகல."

"தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்."

"கொடி சிவப்பு."

"ஏத்தினதே நீதானே."

பழக்கம் என்பது பொல்லாதது. எல்வியோவின் கை தானாகவே விசிலை உதட்டுக்குக் கொண்டுபோயிற்று. அதைப் பார்த்துவிட்டு நீவெஸ் திரும்பி நின்றாள், தொடை வரை தண்ணீரில்.

"ஊது," என்றாள். "ஏன் நிறுத்திட்ட? ஊதிப் பாரு. மணி ஒண்ணு ஆச்சு, நீ இப்ப காவலாளி இல்ல. உன் விசிலுக்கு நான் வெளிய வரமாட்டேன். நாலு மணிக்குச் சாப்பிட்டு ஏழு மணிக்கு மீன் வறுத்து வறுத்து எனக்கு ஐம்பத்தேழு ஆயிடுச்சு. குடல் முறுக்கறதுன்னா முறுக்கட்டும்."

லீடோவின் சாப்பாட்டுக்கூடத்தில் முள்கரண்டிச் சத்தம் குறைந்தது. படியில் மிர்கா ஒரு காலித் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சில்வானா, அந்தச் சாயம் போன குடையை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு.

விசில் எல்வியோவின் மார்பில் விழுந்து ஆடியது. செருப்பைக் கழற்றாமலே இரண்டு எட்டு தண்ணீருக்குள் வந்தான்.

"உனக்குத்தான் தண்ணியே பிடிக்காதே," என்றான்.

"அது பொய். சில்வானா கயிறு கட்டி இறக்குன்னா. நீ சிரிச்ச. அதனால சொன்ன பொய்."

"நான் சிரிச்சேனா?"

"துடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்ச."

அவன் நினைவில் தேடினான். கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் கழுத்து சிவந்துபோயிற்று.

"ரெண்டு கோடை காத்திருந்தேன்," என்றான் மெதுவாக. "நீ கேப்பேன்னு. பொதுக்கரையில வச்சு சொன்னேனே, அடுத்த கோடையில கேளுன்னு. நீ கேக்கவே இல்ல. பிடிக்காதுன்னு வேற சொல்லிட்ட. கேக்காத ஆளை நான்..."

"தண்ணியில இறக்கறதில்ல. தெரியும். மறக்கல." இடுப்பு வரை தண்ணீர் வந்துவிட்டது. கால் கட்டைவிரலால் ஒரு கல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ ஞாபகம் வச்சிருந்து கூப்பிடுவன்னு நான் நின்னேன். நான் கேப்பேன்னு நீ நின்ன. ரெண்டு பேரும் நல்லா நின்னோம் போ."

ரயில் மேட்டில் ஒரு வண்டி தடதடத்துப் போயிற்று. ஒரேஸ்தெ ஒன்றும் சொல்லவில்லை. எந்த வண்டி என்று அவருக்கே தெரியாமல் போன ஒரே சமயம் அதுவாகத்தான் இருக்கும்.

நீவெஸ் மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஏழு வரிசைக் குடைகளும், படியில் நின்றவர்களும், சாப்பாட்டுக்கூடத்தின் ஜன்னல்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒருவனைத்தான் பார்த்தாள். அவனுக்கு இடது காது போதாது என்பதால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"எல்வியோ, எனக்கு நீந்தக் கத்துக்குடு."